எந்த லெடர்பெர்க்? எஸ்தர் லெடர்பெர்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்டீரியா மரபியல் பாடம் நடத்தும்போது லாம்டா ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்), எஃப் காரணி (பாக்டீரியாக்கள் ஜீன்களைக் கலக்கத் தேவையானது), ரெப்ளிகா பிளேட்டிங் (பிளேட்டில் வளர்ந்த பாக்டீரியாவை நகல் எடுக்கும் முறை) என்று மூன்று இடத்தில் "லெடர்பெர்க்" என்ற பெயர் வரும். மூன்றுமே ஒரே ஆள் என்று பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒருவர் இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் பிடித்துக்கொள்வார். வருடா வருடம் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேடம், புத்தகத்தில் வரும் லெடர்பெர்க்கும் இந்த எஸ்தரும் ஒரே ஆளா?

இல்லை. கணவன், மனைவி. ஜோஷுவா லெடர்பெர்க் 1958-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். எஸ்தர் லெடர்பெர்க் அவருடைய முதல் மனைவி. அவரும் முழுநேர ஆராய்ச்சியாளர். நம் பாடநூல்கள் முதலெழுத்துகளை விட்டுவிட்டுக் குடும்பப் பெயரை மட்டும் அச்சிடுவதால் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். நம் ஊரில் முதலெழுத்தைத் தவறாகப் போட்டால் ரேஷன் கார்டுகூடக் கிடைக்காது. இங்கே அது ஒரு ஆராய்ச்சி வாழ்க்கையையே மறைத்துவிட்டது.

எந்த மாதிரி குடும்பம்? இந்தத் துறைக்கு எப்படி வந்தார்?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1922 டிசம்பர் 18 அன்று பிறந்தார். பிறந்த பெயர் எஸ்தர் மிரியம் சிம்மர். யூதக் குடும்பம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வளர்ந்தவர். ரொட்டித் துண்டின்மேல் தக்காளியைப் பிழிந்து சாப்பிட்டதுதான் பல நாள் மதிய உணவு என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹண்டர் காலேஜில் சேர்ந்தார். அப்போது அது பெண்களுக்கான அரசுக் கல்லூரி, கட்டணம் கிடையாது. அறிவியல் வேண்டாம், பெண்ணுக்கு அதில் வேலை கிடைப்பது கஷ்டம் என்று ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. 1942-ல், 19 வயதில் பட்டம் வாங்கினார்.

படிக்கும்போதே நியூயார்க் தாவரவியல் பூங்காவில், ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் வேலை பழகினார். 1944-ல் உதவித்தொகை பெற்று ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டாட்டம் இருவரும் அதே பூஞ்சையை வைத்து ஜீன்களுக்கும் என்சைம்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த இடம் அது. கையில் காசு இல்லை. வீட்டுக்காரம்மாவின் துணியைத் துவைத்துக் கொடுத்துத் தங்கியதாகவும், வகுப்பில் அறுத்த தவளைகளின் கால்களைச் சமைத்துச் சாப்பிட்டதாகவும் கதை உண்டு. 1946-ல் முதுநிலைப் பட்டம், அதே டிசம்பரில் ஜோஷுவாவுடன் திருமணம், 1950-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் சடுதிமாற்றம், அதாவது ஜீனில் திடீர் மாற்றம், நிகழும் வேகத்தை ஜீன்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பது ஆய்வுத் தலைப்பு.

பாக்டீரியாவில் மரபியல் செய்வது அப்போது அவ்வளவு புதுசா?

ஆமாம். 1940-களின் தொடக்கத்தில் பாக்டீரியாவுக்கு ஜீன் உண்டா என்பதே சந்தேகமாக இருந்தது. இரண்டாகப் பிளந்து பெருகும் உயிர், கலப்பே இல்லை, கலப்பு இல்லாமல் மெண்டல் வழியில் என்ன கணக்குப் போடுவது என்று பலர் நினைத்தார்கள். 1946-ல் ஜோஷுவாவும் டாட்டமும், ஈ. கோலையின் கே-12 என்ற வகையில் இரண்டு செல்களின் ஜீன்கள் கலக்கின்றன என்று காட்டினார்கள். அதன்பிறகுதான் கதவு திறந்தது. இந்த 1946-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நோபல் கேள்வி வரும்போது தேவைப்படும்.

லாம்டாவை எப்படிக் கண்டுபிடித்தார்? மைக்ராஸ்கோப்பிலா?

இல்லை, வெறுங்கண்ணால். கே-12 வகையிலிருந்து புற ஊதாக் கதிர் பாய்ச்சி எடுத்த ஒரு சடுதிமாற்ற வகையையும் பழைய கே-12-ஐயும் ஊட்டம் நிரப்பிய ஒரே தட்டில், அதாவது பிளேட்டில், கலந்து வளர்த்தபோது, வளர்ச்சியில் அங்கங்கே பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டைகள் தெரிந்தன. பிளேட் கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவர் ஓட்டையிலிருந்து எடுத்து மறுபடி சோதித்தார்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ், அதாவது ஃபேஜ், அங்கே இருந்தது. அது வெளியிலிருந்து வந்ததல்ல. பழைய கே-12-க்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. கதிர் பட்ட வகை அந்த வைரஸை இழந்துவிட்டிருந்ததால் அதற்கு இரையானது. இதை 1951-ல் தனியாக வெளியிட்டார். முதலில் அந்த வைரஸ் செல்லுக்குள் இருக்கும் சைட்டோபிளாசம் என்ற கூழில் எங்கோ மிதக்கிறது என்றுதான் எண்ணினார்கள். ஆனால் கலப்புகள் செய்து பார்த்தால், லாம்டா இருப்பதும் இல்லாததும் காலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் ஜீன்களோடு ஒட்டிக்கொண்டே அடுத்த தலைமுறைக்குப் போனது. வைரஸ் பாக்டீரியாவின் குரோமோசோமில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் குடியிருக்கிறது என்று அர்த்தம். என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பில் பெரிய பாதி இதுதான். ஓட்டையைப் பார்ப்பதற்குக் கண் போதும். அந்த ஓட்டைக்குக் குரோமோசோமில் முகவரி கண்டுபிடிக்க மரபியல் தெரிய வேண்டும்.

கே-12 அவ்வளவு பேர் லேபில் இருந்ததே, ஏன் வேறு யாரும் பார்க்கவில்லை?

கே-12 ஸ்டான்ஃபோர்டில் 1922-ல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டது. எஸ்தர் பிறந்த வருடமும் அதுதான். லாம்டா அன்றே உள்ளே இருந்திருக்கிறது. சுமார் 28 வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

காரணம் எளிது. தூங்கும் லாம்டா ஒரு அடக்கிப் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். அந்தப் புரதம் தன் வைரஸை மட்டுமல்ல, வெளியிலிருந்து வரும் வேறு லாம்டாவையும் அடக்கிவிடும். எல்லாச் செல்லிலும் லாம்டா இருந்தால் எந்தச் செல்லும் அதனால் சாகாது, ஓட்டை விழாது. திருடனைக் காட்டிக்கொடுக்க, பூட்டாத வீடு ஒன்றாவது தெருவில் இருக்க வேண்டும் அல்லவா? லாம்டாவை இழந்த அந்தச் சடுதிமாற்ற வகைதான் பூட்டாத வீடு.

ரெப்ளிகா பிளேட்டிங் சும்மா நகல் எடுக்கும் வித்தைதானே? அதில் என்ன அறிவியல்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் தேர்வில் எல்லாரும் முறையை மட்டும் எழுதிவிட்டு முடிவை விட்டுவிடுகிறார்கள்.

முறை இது. ஒரு மரக்கட்டையின் முனையில் கிருமி நீக்கிய வெல்வெட் துணியைப் போர்த்திக் கட்ட வேண்டும். காலனிகள், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாப் புள்ளிகள், வளர்ந்த மூலப் பிளேட்டை அதன்மேல் கவிழ்த்து மெதுவாக அழுத்த வேண்டும். துணியின் ஒவ்வொரு இழையும் ஒரு குட்டி ஊசி மாதிரி செல்களை எடுத்துக்கொள்ளும். பிறகு புதிய பிளேட்டுகளை அதே திசையில் ஒவ்வொன்றாக அழுத்தினால், ரப்பர் ஸ்டாம்ப் போல எல்லாவற்றிலும் அதே வரைபடம் பதியும். எந்தக் காலனி எந்த ஊட்டத்தில் வளரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். முன்பெல்லாம் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு மாற்ற வேண்டியிருந்தது.

இனி அறிவியல். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து போட்ட பிளேட்டில் பாக்டீரியாவைப் பரப்பினால் கோடிக்கணக்கில் ஒன்று தப்பிக்கிறது. மருந்தைப் பார்த்த பிறகு அது எதிர்ப்பைப் பழகிக்கொண்டதா, இல்லை முன்பே மாறியிருந்ததா? 1943-ல் லூரியா, டெல்புருக் என்ற இரு ஆய்வாளர்கள் புள்ளியியல் வழியாக "முன்பே" என்று காட்டினார்கள்; ஆனால் பலருக்கு அந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. லெடர்பெர்க் தம்பதி 1952-ல் அதே கேள்வியை வெல்வெட்டை வைத்துக் கேட்டார்கள். மருந்தே இல்லாத மூலப் பிளேட்டிலிருந்து மருந்துள்ள பல பிளேட்டுகளுக்கு நகல் எடுத்தார்கள். மருந்தைப் பார்த்துத்தான் மாறுகிறது என்றால் ஒவ்வொரு நகலிலும் வெவ்வேறு இடத்தில் காலனி வர வேண்டும். வந்ததோ அதே இடங்களில். அப்புறம் மூலப் பிளேட்டில் அந்த இடத்துச் செல்களை எடுத்து, மீண்டும் பரப்பி, மீண்டும் நகல் எடுத்து, படிப்படியாகச் சலித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் கைக்கு வந்தது மருந்தை எதிர்க்கும் தூய பாக்டீரியா. அதன் முன்னோர்களில் ஒன்றுகூட மருந்தைக் கண்ணால் கண்டதில்லை. டி1 என்ற ஃபேஜை எதிர்க்கும் செல்களிலும் இதையே காட்டினார்கள். இன்று டாக்டர்கள் ஆன்டிபயாடிக் பற்றி எச்சரிக்கும்போது, மருந்து எதிர்ப்பை "உருவாக்குகிறது" என்று சொல்வதைவிட "பொறுக்கி எடுக்கிறது" என்று சொல்வதே சரி. அதற்கு ஆதாரம் இந்தத் துணி.

வெல்வெட்தான் வேண்டுமா? வேறு துணி ஆகாதா?

இழைகள் குத்திட்டு நிற்கும், ஈரத்தை உறிஞ்சும், ஆட்டோகிளேவ் என்ற, நீராவியால் கிருமி நீக்கும் கருவியின் சூட்டைத் தாங்கும் துணி வேண்டும். எஸ்தர் முதலில் முகத்துக்குப் பவுடர் போடும் பஞ்சை வைத்து முயன்றார் என்றும், பிறகு சரியான வெல்வெட்டைத் தேடி அலைந்தார் என்றும் சொல்வார்கள். பருத்தி வெல்வெட் நன்றாக வேலை செய்யும். பாலியஸ்டர் பளபளக்கும், ஆனால் பிரயோஜனமில்லை. நான் ஒருமுறை கடையில் போய் ஒரு மீட்டர் பருத்தி வெல்வெட் கேட்டபோது, "பாப்பாவுக்குப் பாவாடைக்கா மேடம்?" என்று கேட்டார்கள். ஈ. கோலைக்கு என்று சொல்லவில்லை.

எஃப் காரணியும் அவர் கண்டுபிடித்ததா?

கூட்டுக் கண்டுபிடிப்பு. கே-12-ன் சில வகைகளைத் தங்களுக்குள் கலந்தால் மறுசேர்க்கையே, அதாவது ஜீன்கள் கலப்பதே, நடப்பதில்லை என்பதை எஸ்தர் கவனித்தார். இத்தாலியிலிருந்த லூகா கவாலியும் (பின்னாளில் கவாலி-ஸ்ஃபோர்சா) லெடர்பெர்க் தம்பதியும் சேர்ந்து, கலப்புக்கு ஒரு "வளம்" காரணி தேவை, அது இல்லாத செல், இருக்கும் செல்லோடு சேர்ந்து வளர்ந்தால் தொற்றுபோல ஒட்டிக்கொள்கிறது என்று 1952-ல் எழுதினார்கள். ஏறக்குறைய அதே சமயம் லண்டனில் வில்லியம் ஹேய்ஸ், ஜீன்கள் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே போகின்றன என்று தனியாகக் கண்டார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற படம் அவரிடமிருந்து வந்தது.

இன்று எஃப் ஒரு பிளாஸ்மிட், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம், என்று தெரியும். மருந்து எதிர்ப்பு ஜீன்களைச் சுமக்கும் பிளாஸ்மிட்டுகள் பல, இதேபோல்தான் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன.

ஸ்பெஷலைஸ்டு டிரான்ஸ்டக்‌ஷன் எப்போதும் குழப்புகிறது. சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு வைரஸ் பாக்டீரியாவின் ஜீனைத் தூக்கிக்கொண்டு வேறு செல்லுக்குப் போவதுதான் இது. லாம்டா காலக்டோஸ் ஜீன்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது என்று மேலே பார்த்தோம். வீட்டைக் காலி செய்யும்போது சில சமயம் கணக்குத் தப்பி, பக்கத்து வீட்டுப் பொருளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்துப் போகும் செல்லில் அதை இறக்கும். எந்த ஜீனையும் தூக்குவதில்லை, பக்கத்திலிருப்பதை மட்டும். லாரன்ஸ் மோர்ஸோடு லெடர்பெர்க் தம்பதி எழுதிய 1956 கட்டுரை இது. ஒரு குறிப்பிட்ட ஜீனை வைரஸில் ஏற்றி வேறு செல்லுக்கு அனுப்பலாம் என்ற ஜீன் பொறியியல் எண்ணத்தின் ஆரம்ப விதைகளில் ஒன்று இதில் இருக்கிறது.

நோபலைக் கணவர் தட்டிப் பறித்துக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?

அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. 1958 பரிசில் ஒரு பாதி பீடிலுக்கும் டாட்டத்துக்கும், மறுபாதி ஜோஷுவாவுக்கு. அப்போது ஜோஷுவாவுக்கு வயது 33. பாக்டீரியாவில் மரபணு மறுசேர்க்கையும் மரபுப்பொருளின் அமைப்பும் என்பது அவருடைய பாதிக்கான காரணம். மறுசேர்க்கைச் சோதனை 1946-ல், எஸ்தர் அவரோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே நடந்தது. அதை எஸ்தர் கணக்கில் எழுதினால் அது வேறொரு பொய்.

ஆனால் 1946-க்குப் பிறகு அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பல விஷயங்களில் எஸ்தரின் கையும் கண்ணும் இருந்தன. 1956-ல் இல்லினாய்ஸ் பாக்டீரியாவியலாளர் சங்கம் பாஸ்டர் விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. இரண்டே வருடத்தில் வந்த பெரிய பரிசில் ஒரு பெயர்தான். கவாலி-ஸ்ஃபோர்சா பின்னாளில், புகழ்பெற்ற கணவரோடு வேலை செய்தது எஸ்தருக்கு வாய்ப்பாகவும் இருந்தது, சேர வேண்டிய பெயர் சேராமல் போகவும் அதுவே காரணமானது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கூட இருந்து பார்த்தவர் சொன்னது, அதனால் நான் அதை நம்புகிறேன்.

அப்படியானால் அவருக்கு அநியாயம் எதுவும் நடக்கவில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. நோபல் என்ற ஒரே இடத்தில் எல்லாரும் தேடுகிறார்கள், அநியாயம் வேலையில் நடந்தது. 1959-ல் இருவரும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார்கள். ஜோஷுவா மரபியல் துறைத் தலைவர். எஸ்தருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் பெண் ஆசிரியர்களே இல்லையே என்று இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து டீனிடம் முறையிட்டார். 1960-களில் மணவாழ்க்கை முறிந்தது. 1974-ல் அவருடைய பதவி, குறுகிய கால ஒப்பந்தத்தில் ஓடும் துணைப் பேராசிரியர் நிலைக்கு மாற்றப்பட்டது. லாம்டாவைக் கண்டுபிடித்தவர், 50 வயது தாண்டிய பிறகு, அடுத்த ஒப்பந்தம் வருமா என்று காத்திருக்க வேண்டிய நிலை.

இன்னொன்று. 1966-ல் மாக்ஸ் டெல்புருக்கின் 60-வது பிறந்தநாளை ஒட்டி ஃபேஜ் ஆய்வாளர்கள் தங்கள் நினைவுகளைத் தொகுத்து ஒரு நூல் கொண்டுவந்தார்கள். லாம்டாவைப் பற்றிப் பலர் எழுதினார்கள். எஸ்தர் எழுதிய அத்தியாயம் அதில் இல்லை.

சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் பெயர் வரிசையைப் பார்த்தாலே கொஞ்சம் தெளியும். 1951 லாம்டா குறிப்பில் எஸ்தர் மட்டும். லாம்டாவின் குரோமோசோம் இடத்தைப் பற்றிய 1953 கட்டுரையில் எஸ்தர் முதல், ஜோஷுவா இரண்டாவது. வெல்வெட் கட்டுரையில் ஜோஷுவா முதல், எஸ்தர் இரண்டாவது. எஃப் கட்டுரையில் எஸ்தர் மூன்றாவது. நீங்கள் மேற்கோள் காட்டும்போது தயவுசெய்து முதலெழுத்துகளை விடாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிளாஸ்மிட் மையம் என்கிறார்களே, அது குமாஸ்தா வேலை இல்லையா?

1970-களின் நடுவில் ஜீன் குளோனிங், அதாவது ஒரு ஜீனைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி நகல் பெருக்குவது, சூடு பிடித்தது. ஒவ்வொரு லேபும் தன் பிளாஸ்மிட்டுக்குத் தன் இஷ்டப்படி பெயர் வைத்தது. ஒரே பெயரில் இரண்டு, ஒன்றுக்கே மூன்று பெயர். ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ்மிட் மையத்தை நடத்திய எஸ்தர், யாருக்கு எந்த எழுத்துகள், எந்த டிரான்ஸ்போசானுக்கு (இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு) எந்த எண் என்று பதிவேடு வைத்து ஒதுக்கினார். 1985-ல் ஓய்வு பெற்ற பிறகும் சம்பளமில்லாமல் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

குமாஸ்தா வேலை என்றே வைத்துக்கொள்வோம். சர்வே எண் இல்லாத ஊரில் நிலம் வாங்கிப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

லேபைத் தவிர வேறு ஏதாவது?

பழைய ஐரோப்பிய இசையில் பித்து. 1962-ல் ரெக்கார்டர் என்ற புல்லாங்குழல் வகைக்கென்று ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார். 1993-ல் மறுமணம் செய்த மாத்யூ சைமனைச் சேர்த்து வைத்ததும் அந்த இசைதான். 2006 நவம்பர் 11 அன்று, 83 வயதில் காலமானார்.

கடைசியாக ஒன்று: நம் ஃப்ரீசரில் இருக்கும் லாம்டா டிஎன்ஏ, எஸ்தர் பார்த்த அதே லாம்டாதானா?

இதை ஒரே ஒரு மாணவிதான் கேட்டாள், அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி அல்ல. ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி. டிஎன்ஏ துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்க ஜெல் ஓட்டும்போது அளவுகோலாகப் போடுகிறோமே, ஹிண்ட்-3 என்சைமால் வெட்டிய லாம்டா, 23,130 கார இணைகளில் (டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்) தொடங்கி 125 வரை 8 துண்டுகள். கூட்டினால் 48,502 கார இணைகள். 1982-ல் சாங்கர் குழு முழுதாகப் படித்த வரிசை அது.

ஆனால் அது அசல் அல்ல. ஃபேஜ் ஆய்வாளர்கள் பல வருடம் கைமாற்றி, பாரிஸ் வகையையும் பசடேனா வகையையும் கலந்து உருவாக்கிய வழியில் வந்தது. வழியில் எங்கோ டிஎன்ஏவில் ஒரு எழுத்துப் பிழை விழுந்து, ஃபேஜின் வாலின் பக்கவாட்டில் இருந்த மெல்லிய இழைகளை இழந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் அசல் லாம்டாவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோதுதான் இழைகள் இருந்தது தெரிந்தது. இழை இல்லாத வகை பெரிய ஓட்டை போடும், பார்க்க வசதி. அதனால் ஆய்வாளர்கள் தெரியாமலேயே அதைப் பொறுக்கி எடுத்திருக்க வேண்டும். ரெப்ளிகா பிளேட்டிங் கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். எஸ்தர் விஸ்கான்சினில் பார்த்த ஓட்டைகள், நாம் பிராக்டிகலில் பார்ப்பவற்றைவிடச் சிறியவையாக இருந்திருக்கும்.